ஒரே நீரில் இரு குலங்கள்: டிஸ்கஸ் மீன்களும் பொது வடிகட்டியும்

வண்ண மீன் வளர்ப்போர் டிஸ்கஸ் மீனை 'மீன்தொட்டியின் அரசன்' என்று குறிப்பிடுவது வழக்கம். வட்டத் தட்டை நிமிர்த்தி வைத்தாற்போன்ற உடலும், அவசரமற்ற நடமாட்டமும், எளிதில் நோய்க்கு ஆட்படும் மென்மையும் அதற்கு அப்பெயரைப் பெற்றுத் தந்தன. சென்னையின் கொளத்தூர், கொல்கத்தாவின் காலிஃப் தெரு, மும்பையின் கிராஃபர்டு மார்க்கெட் என நம் நாட்டின் வண்ண மீன் சந்தைகளில் டிஸ்கஸ் மீனுக்குத் தனி மதிப்பு உண்டு. விலையும் அம்மதிப்புக்கேற்பவே இருக்கும்.

இம்மீனை வளர்ப்போரில் ஒரு சாரார், பண்ணைகளில் பல தலைமுறைகளாகப் பெருக்கப்பட்ட வளர்ப்பின மீன்களை விரும்புவர். மற்றொரு சாரார், அமேசான் ஆற்றுப் படுகையில் பிடிக்கப்பட்டு இறக்குமதியாகும் காட்டு மீன்களை நாடுவர். காலப்போக்கில் பலரும் இரண்டையும் வைத்துக்கொள்ள விழைகின்றனர். அப்போது தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: தொட்டிக்கொரு வடிகட்டி எதற்கு? எல்லாத் தொட்டிகளையும் குழாயால் இணைத்து, ஒரே பெரிய வடிகட்டியில் ஓடவிட்டால் போதாதா?

தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றினாலும், இது முதலீட்டையும் இடரையும் பற்றிய கேள்வி. வீட்டின் ஓர் அறையில் சேமிப்பை முதலீடு செய்து தொழில் தொடங்குபவருக்கும், வங்கிக் கடன் பெற்றுப் பண்ணை அமைப்பவருக்கும் இதன் விடை மிக முக்கியம். ஆகவே இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

காட்டு மீன் வரும் வழி

டிஸ்கஸ் மீனின் பேரினப் பெயர் சிம்பிசோடான். ஆஸ்திரிய இயற்கை ஆய்வாளர் யோஹான் நாட்டரர் பிரேசிலில் சேகரித்த மீன்களைக் கொண்டு, யோஹான் யாக்கோப் ஹெக்கல் 1840-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்தார். அவர் பெயரால் 'ஹெக்கல் டிஸ்கஸ்' என்று இன்றும் வழங்கும் அவ்வினத்தின் உடலில் கண், நடு உடல், வால் அடி ஆகிய மூன்று இடங்களில் உள்ள பட்டைகள் மட்டும் அழுத்தமாகத் தெரியும். பச்சை, நீலம், பழுப்பு எனப் பெயர் பெற்ற பிற வகைகள் அமேசானின் வேறு கிளையாறுகளில் வாழ்பவை.

ஹெக்கல் டிஸ்கஸ் வாழும் ரியோ நெக்ரோ, அதாவது கருப்பு ஆறு, தேநீர் நிறம் கொண்டது. காட்டு இலைகளும் கட்டைகளும் ஊறியதால் ஏற்படும் நிறம் அது. அந்நீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. அமிலத்தன்மையோ மிகுதி, பி.எச். அளவு 4-க்கும் 5-க்கும் இடைப்பட்டது. வெப்பம் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஆற்று மட்டம் தாழும் காலத்தில், நீரில் விழுந்து கிடக்கும் மரக்கிளைகளிடையே பதுங்கும் மீன்களை, இரவில் விளக்கொளியில் கைவலை கொண்டு பிடிக்கின்றனர்.

அப்பகுதியின் பார்செலோஸ் நகரில் வண்ண மீன்பிடித்தல் பல குடும்பங்களின் வாழ்வாதாரம். அங்கு நடைபெறும் வண்ண மீன் திருவிழாவில் கார்டினல் மீனின் பெயரில் ஓர் அணியும் டிஸ்கஸ் மீனின் பெயரில் மற்றோர் அணியும் ஆடிப் பாடிப் போட்டியிடுகின்றன. மீன்பிடித் தொழில் நிலைத்தால் காடும் நிலைக்கும் என்ற கருத்துடன் 1989 முதல் 'புரொஜெட்டோ பியாபா' என்னும் திட்டமும் அங்கு இயங்கி வருகிறது. ஆகவே காட்டு மீனை வாங்குவது தன்னளவில் தவறன்று. வாங்கிய மீனைச் சில வாரங்களில் சாகவிடுவதே இழப்பு. அது வளர்ப்பவருக்கு மட்டுமன்றி, அம்மீனைப் பிடித்துக் காத்து அனுப்பியவருக்கும் இழப்பாகும்.

வளர்ப்பின மீன் வந்த வழி

வளர்ப்பின டிஸ்கஸின் வரலாறு வேறு. அமெரிக்காவின் புளோரிடாவில் ஜாக் வாட்லி போன்றோர் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் நீலப்பச்சை வகைகளை உருவாக்கினர். ஜெர்மனியிலும் தென்கிழக்காசியாவிலும் இக்கலை விரைந்து வளர்ந்தது. தாய்லாந்தில் தோன்றிய 'பிஜியன் பிளட்' என்னும் வகை, காட்டு மீனுக்குரிய கரும்பட்டைகள் ஏதுமின்றிச் செம்மஞ்சள் நிறத்துடன் விளங்கியது. மலேசியாவின் பினாங்குப் பண்ணைகள் இவ்வகைகளை உலகெங்கும் அனுப்பலாயின.

இம்மீன்கள் அடிமணல் இல்லாத கண்ணாடித் தொட்டிகளில், நாள்தோறும் நீர் மாற்றப்படும் சூழலில், நெருக்கமாக வளர்பவை. பி.எச். 6.5 முதல் 7.5 வரையுள்ள நீரிலும் நலமாக வாழும். அதே வேளையில் பண்ணைகளில் புழங்கும் நுண்ணுயிர்களோடும் ஒட்டுண்ணிகளோடும் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை. அவற்றுள் பலவற்றை உடலில் சுமந்துகொண்டே நோயின்றித் திரியக்கூடியவை.

காட்டு மீனிடம் குடற்புழுக்களும் செவுள் ஒட்டுண்ணிகளும் இருக்கக்கூடும். வளர்ப்பின மீனிடம் பண்ணை நெருக்கடியில் பெருகிய கிருமிகள் இருக்கக்கூடும். இரண்டும் தத்தம் கிருமிகளைத் தாங்கப் பழகியவை. ஒன்றின் கிருமியை மற்றொன்று சந்தித்ததே இல்லை. 'காட்டு மீன் நோயைக் கொண்டுவரும்' என்ற பொதுவான எண்ணம் பாதி உண்மையே. பண்ணைக் கிருமியை முதன்முறையாகச் சந்திக்கும் காட்டு மீனே முதலில் மடிவதும் உண்டு.

1980-களின் நடுப்பகுதியில் தொடங்கி 'டிஸ்கஸ் பிளேக்' என்று வளர்ப்போர் பெயரிட்ட தொற்று ஒன்று பல நாடுகளின் பண்ணைகளைத் தாக்கியது. மீன்கள் கருத்து, மூலையில் ஒடுங்கி, உடலில் மிகையாகக் கோழை சுரந்து, உணவைத் துறந்தன. புதிய மீன் சேர்ந்த சில நாட்களிலேயே தொட்டி முழுதும் நோயுறும். பிழைத்த மீன் நலமாகத் தோன்றினாலும், பின்னர் வேறு மீன்களோடு சேரும்போது தொற்றைக் கடத்தும் என்பது வளர்ப்போர் கண்ட அனுபவம். பார்வைக்கு நலமாக இருப்பது வேறு, நோயற்றிருப்பது வேறு என்பதை இத்தொழில் அவ்வாண்டுகளில்தான் அறிந்துகொண்டது.

பொது வடிகட்டி தரும் நன்மைகள்

பொது வடிகட்டியில் உண்மையான நன்மைகளும் உள்ளன. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 200 லிட்டர் கொள்ளளவுள்ள 8 தொட்டிகள். தொட்டிக்கு 5 பெரிய மீன்கள். ஆக 1,600 லிட்டர் நீர், 40 மீன்கள். இவற்றை 'சம்ப்' எனப்படும் அடித்தொட்டியுடன் இணைத்தால் ஒரு மோட்டார் போதும். நீரைச் சூடாக்கும் ஹீட்டர்களை ஓரிடத்தில் வைக்கலாம். நீர் மாற்றும் வேலையும் எளிதாகும். ஒரு தொட்டியில் தீனி மிஞ்சி அழுகினாலும் அதன் நச்சு 200 லிட்டரில் தேங்காமல் 1,600 லிட்டரில் பரவி நீர்த்துவிடும். நீரின் தன்மை திடீரென மாறாது.

ஒரே பண்ணையில் ஒன்றாக வளர்ந்த மீன்களுக்கு இவ்வமைப்பு ஏற்றதே. நீர்த்துப் போவதற்கு மாறாகப் பெருகக்கூடிய ஒன்று நீரில் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

வடிகட்டி செய்யாத வேலை

மீன்தொட்டி வடிகட்டியின் முதன்மையான பணி, மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றுவது. வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியேறிய நற்பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் கடும் நச்சு. மூன்றாவது ஓரளவு தீங்கற்றது. நீர் மாற்றும்போது அதுவும் வெளியேறிவிடும்.

இப்பணியை எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும், அவ்வடிகட்டி நோய்க்கிருமியைத் தடுப்பதில்லை. பஞ்சில் தங்கும் அழுக்கு வேறு. பஞ்சைக் கடந்து நீந்தும் ஒட்டுண்ணிக் குஞ்சு வேறு. செவுள் ஒட்டுண்ணிகளின் முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிர்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவினவாய் நீரில் நீந்தி, தமக்கேற்ற மீனைத் தேடிப் பற்றும். நம் எடுத்துக்காட்டில் மணிக்கு 3,200 லிட்டர் நீரைச் செலுத்தும் மோட்டார் இருந்தால், மொத்த நீரும் மணிக்கு இரு முறை சுழலும். ஒரு தொட்டியில் புகுந்த கிருமி ஏனைய 7 தொட்டிகளையும் எட்ட ஒரு பொழுது கூட ஆகாது.

தனி வடிகட்டிகள் இருந்தால் 40 மீன்களுள் 5 மீன்கள் ஆபத்தில் இருக்கும். பொது வடிகட்டியில் 40 மீன்களும் ஆபத்தில் இருக்கும். மருந்து கொடுப்பதிலும் இதே நிலைதான். ஒரு தொட்டி நோயுற்றால் 1,600 லிட்டருக்கும் மருந்திட வேண்டும். நலமுள்ள மீன்களும் அம்மருந்தைத் தாங்க வேண்டும். சில மருந்துகள் வடிகட்டியின் நற்பாக்டீரியாக்களையும் அழிக்கும். அப்போது நோயோடு அம்மோனியாவும் சேர்ந்துகொள்ளும்.

வங்கித் தொழிலில் 'கூட்டுப் பொறுப்புக் குழு' என்ற ஏற்பாடு உண்டு. குழுவில் ஒருவர் பெறும் கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பாவர். ஒரே ஊரில் வாழ்ந்து, ஒருவரையொருவர் நன்கறிந்தவர்களே அதில் சேர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அறிமுகமற்றவர்களைப் பிணைத்தால், ஒருவரது தவணைத் தவறுதல் அனைவரையும் வீழ்த்தும். பொது வடிகட்டியும் அவ்வாறே மீன்களைக் கூட்டுப் பொறுப்பில் இணைக்கிறது. ரியோ நெக்ரோவிலிருந்து வந்த மீனும் பினாங்கிலிருந்து வந்த மீனும் ஒன்றையொன்று அறியாதவை.

நீரின் தன்மை ஒன்றாகவே இருக்கும்

இணைந்த தொட்டிகளில் நீரின் தன்மையைத் தனித்தனியே அமைக்க இயலாது. காட்டு ஹெக்கலுக்காக நீரை அமிலமாக்கினால் வளர்ப்பின மீனும் அதே நீரில்தான் வாழ வேண்டும். பி.எச். 6-க்குக் கீழே இறங்கினால் நற்பாக்டீரியாக்களின் பணி மந்தமாகும். அந்நிலையில் அம்மோனியா சேரத் தொடங்கினாலும், அமில நீரில் அது நச்சு குறைந்த அம்மோனியமாகவே இருப்பதால் மீன்கள் துன்பத்தைக் காட்டுவதில்லை.

ஆபத்து நீர் மாற்றும் நாளில் வருகிறது. கடினத்தன்மை மிக்க நிலத்தடி நீரைச் சேர்த்ததும் பி.எச். உயர்கிறது, தீங்கின்றி இருந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாகிறது. 30 பாகை வெப்பத்தில் பி.எச். 6-லிருந்து 7.5-க்கு உயர்ந்தால் நச்சுப் பங்கு சுமார் 30 மடங்காகும். நம் நாட்டின் பல நகரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்பதால் இதனைக் கருத்தில் கொள்வது அவசியம். ஆர்.ஓ. முறையில் தூய்மை செய்த நீரைச் சேமித்து, தொட்டி நீரின் வெப்பத்துக்கும் பி.எச். அளவுக்கும் இணையாக்கிய பின்னரே சேர்க்க வேண்டும்.

புற ஊதா விளக்கு காப்பாற்றுமா?

பொது வடிகட்டியில் புற ஊதா விளக்கைப் பொருத்திவிட்டால் போதும் என்று கருதுவோர் உளர். அவ்விளக்கு தன்னைக் கடந்து செல்லும் நீரிலுள்ள கிருமிகளை மட்டுமே தாக்கும். மீனின் செவுளில் ஒட்டியிருப்பதையும், குடலில் வாழ்வதையும், தொட்டியின் அடியில் படிந்த முட்டையையும் அது தொடாது. நீர் விளக்கைக் கடக்கும் வேகம் கூடினால் பயன் குறையும். காலப்போக்கில் விளக்கின் ஆற்றலும் தளரும்.

மேலும் ஒரு முரண் இதில் உண்டு. காட்டு மீனின் நலனுக்காக உலர்ந்த இலைகளை இட்டு நீரைத் தேநீர் நிறமாக்குவது வழக்கம். அந்நிறம் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும். அதாவது, விளக்கின் காவல் மிகுதியாகத் தேவைப்படும் நீரிலேயே அதன் ஆற்றல் குறைகிறது. எனவே புற ஊதா விளக்கைக் கூடுதல் பாதுகாப்பாகக் கொள்ளலாமேயன்றி, தனிமைப்படுத்தலுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

தனிமைக் காலமும் துணை மீனும்

புதிதாக வந்த மீன், காட்டு மீனாயினும் வளர்ப்பின மீனாயினும், குறைந்தது 6 வாரங்கள் தனித் தொட்டியில் இருக்க வேண்டும். அத்தொட்டிக்குத் தனி வடிகட்டி, தனி வலை, தனிக் குழாய், தனி வாளி தேவை. வடிகட்டியைப் பிரித்துவிட்டு ஒரே வலையை இரு தொட்டிகளிலும் நனைத்தால் பிரித்ததன் பயன் இல்லை. நாள்தோறும் நலமுள்ள தொட்டிகளின் வேலையை முதலில் முடித்து, புதிய மீனின் தொட்டியை இறுதியாகக் கவனிப்பது நல்ல வழக்கம்.

இக்காலத்தில் மீன் தீனியை விரும்பி உண்கிறதா, நிறம் கருக்கிறதா, ஒரு பக்கச் செவுளால் மட்டும் மூச்சு விடுகிறதா, கழிவு வெண்ணிற நூல்போல் உள்ளதா என்பவற்றைக் குறித்து வைக்க வேண்டும். ஒட்டுண்ணிக்கு மருந்திட நேர்ந்தால் மீன் நோய் வல்லுநரின் ஆலோசனை தேவை. பல மருந்துகள் முட்டைகளை அழிப்பதில்லை என்பதால், உரிய இடைவெளியில் மீண்டும் மருந்திட வேண்டியிருக்கும்.

6 வாரங்கள் நலமாகக் கழிந்தாலும் சோதனை முடிவதில்லை. தன் கிருமியோடு பழகிய மீன் தன் நோயைக் காட்டாது. ஆகவே அனுபவமிக்க வளர்ப்போர், தம் பழைய மீன்களுள் ஒன்றைத் தனிமைத் தொட்டியில் சேர்த்து மேலும் 3 அல்லது 4 வாரங்கள் கவனிப்பர். இரு தரப்பும் நோயின்றி இருந்தால் கலப்புக்கு வழி பிறக்கும். எவ்வொன்று நோயுற்றாலும் இழப்பு அத்தொட்டியோடு நின்றுவிடும். அவ்வாறு அனுப்பிய பழைய மீனைச் சோதனை முடியுமுன் தன் கூட்டத்துக்குத் திருப்பிவிடக் கூடாது.

எதைப் பகிரலாம்?

செலவைக் குறைக்கப் பொது ஏற்பாடு தேவையெனில், அதற்குப் பாதுகாப்பான வழி உண்டு. உள்ளே வருவதைப் பகிரலாம்; வெளியே செல்வதைப் பகிரலாகாது.

ஒரே காற்றூட்டும் கருவியால் எல்லாத் தொட்டிகளுக்கும் காற்றளிக்கலாம். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பஞ்சு வடிகட்டி வைத்தால் அதன் விலையும் பராமரிப்புச் செலவும் குறைவே. சூடாக்கிப் பதப்படுத்திய புதுநீரை ஒரே பெரிய தொட்டியில் சேமித்து, குழாய்கள் வழியே எல்லாத் தொட்டிகளுக்கும் தரலாம். பயன்படுத்திய நீர் மட்டும் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் நேரே வடிகாலுக்குச் செல்ல வேண்டும். அறை முழுவதையும் 28 பாகைக்கு மேல் வைத்தால் தனித்தனி ஹீட்டர்களின் சுமையும் குறையும். தொட்டிகளை மூடி வைத்தால் நீர்த்திவலை தெறித்துப் பரவுவதையும் தவிர்க்கலாம்.

மின்வெட்டு நேரத்திலும் இவ்வமைப்பு உதவும். 30 பாகை நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே. குளிர்ந்த நீரில் இதைவிட அதிகம் கரையும். மூடிய பெரிய வடிகட்டியின் மோட்டார் நின்றால் மீன்களோடு வடிகட்டியின் பாக்டீரியாக்களும் ஆக்சிஜனின்றித் தவிக்கும். காற்றூட்டும் கருவியை ஒரு சிறு இன்வெர்ட்டரே பல மணி நேரம் இயக்கிவிடும்.

பொது வடிகட்டியைத்தான் விரும்புவோர் இரண்டு அமைப்புகளை நிறுவலாம்: காட்டு மீன்களுக்கு ஒன்று, வளர்ப்பின மீன்களுக்கு ஒன்று. இரண்டுக்கும் வெளியே தனிமைத் தொட்டி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும்.

கடன் பெற்றுத் தொடங்குவோர்க்கு

2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்கும் இடமளிக்கப்பட்டது. வீட்டு முற்றத்தில் அமைக்கும் சிறு அலகுக்கு ரூ.3 லட்சம், நடுத்தர அலகுக்கு ரூ.8 லட்சம், நன்னீர் ஒருங்கிணைந்த அலகுக்கு ரூ.25 லட்சம் என அலகு மதிப்பு வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியலினத்தார், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு 60 விழுக்காடும் மானியமாக அறிவிக்கப்பட்டன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள விதிகளை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிவது நலம். மீன் வளர்ப்போரின் நடைமுறை மூலதனத் தேவைக்கு விவசாயக் கடன் அட்டையும் உண்டு.

திட்ட அறிக்கை தயாரிக்கும்போது தொட்டிகளின் விலை, மீன்களின் விலை, தீனி, மின்சாரம் ஆகியவற்றைப் பலரும் கவனமாக எழுதுகின்றனர். தனிமைத் தொட்டிக்கான இடமும், அங்கே மீன் விற்பனையின்றி இருக்கும் 9 அல்லது 10 வாரங்களுக்கான செலவும் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன. அவ்விரண்டையும் தொடக்கத்திலேயே சேர்த்தால் கடன் தொகை சற்று உயரும். முதல் வருவாய் சற்றுத் தாமதமாகும். தவணைத் தொடக்கத்தையும் அதற்கேற்பக் கேட்டுப் பெறலாம். மீன் வந்த நாள், வந்த இடம், கண்ட குறிகள், கொடுத்த மருந்து ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடும் கணக்குப் புத்தகத்துக்கு இணையான ஆவணமே.

டிஸ்கஸ் குஞ்சுகள் பிறந்த முதல் நாட்களில் தாய் தந்தை இருவரின் தோலில் சுரக்கும் கோழையையே உணவாகக் கொள்கின்றன. குஞ்சுகளைப் பேணும் காலத்தில் அக்கோழையில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் மிகுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு குடும்பத்தின் உடலிலுள்ள நன்மை, தீமை இரண்டும் அவ்வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. இத்துணை நெருக்கமாக வாழும் உயிர்களைப் புதிய உறவில் இணைக்கும் முன் சில வாரங்கள் காத்திருப்பது வீண் செலவன்று. வாசகர்களுள் இம்முயற்சியில் இறங்குவோர், முதல் மீனை வாங்கும் முன்னரே தனிமைத் தொட்டியை நிறுவி, அதன் வடிகட்டியில் நற்பாக்டீரியாக்கள் நிலைபெறச் செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.